செலவில்லாமல் ஒரு கடலோர நாள்: மாமல்லபுரமா, தரங்கம்பாடியா, புதுச்சேரியா?

கடலும் பழைமையும் ஒருங்கே வாய்த்த ஊர் ஒன்றில் விடியற்காலை முதல் இரவு வரை ஒரு முழுநாளைக் கழிக்க வேண்டும். ஆனால் பேருந்தை விட்டு இறங்கியது முதல் மீண்டும் ஏறும் வரை பணப்பையைத் திறக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டிருக்கும் வீடுகளிலும், வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர்களிடையேயும், ஓய்வூதியத்தைக் கொண்டு மாதத்தை ஓட்டுகிற பெரியவர்களிடத்தும் அடிக்கடி எழுகிற விருப்பம் இது. நம் கிழக்குக் கரையில் இதற்கு ஏற்றவையாக மூன்று ஊர்கள் உடனே நினைவுக்கு வருகின்றன: பல்லவர்களின் மாமல்லபுரம், டேனிஷ்காரர்கள் 1620 முதல் 1845 வரை வைத்திருந்த தரங்கம்பாடி, பிரெஞ்சுக்காரர்களின் தலைநகராக இருந்த புதுச்சேரி. மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லிவரும் விடையையும் அதற்கான காரணங்களையும் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஊர் போய்ச் சேரும் பயணச் செலவைத் தவிர்க்க முடியாது. அதைப் பின்னால் தனியாகப் பார்க்கலாம். சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு எடுத்துக்கொள்ள வேண்டும். புளிச்சோறும் தயிர்ச்சோறும் பகல் வெயிலைத் தாங்கும்; தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் அவசியம். இவை கையில் இருந்தால் மிச்சமிருப்பது நுழைவுச்சீட்டு, ஆட்டோ, நிழலுக்காக வேண்டாவெறுப்பாக ஏறும் உணவகம் ஆகிய மூன்றுதான்.

இலவசமாகப் பார்க்கக்கூடிய இடங்களின் பட்டியலை வைத்து ஊர்களை ஒப்பிடுவது பயன் தராது என்பது என் கருத்து. காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் எந்தக் கடலோர ஊரும் இன்பமாகத்தான் இருக்கும். கடலைப் பார்க்க யாரும் காசு கேட்பதில்லை. ஊரின் உண்மையான குணம் முற்பகல் பதினொரு மணிக்கும் பிற்பகல் நான்கு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் வெளிப்படும். அந்த ஐந்து மணி நேரம் நிழலில் உட்கார இடம் இருக்கிறதா, அங்கிருந்து யாரும் எழுப்பிவிடாமல் இருப்பார்களா, உட்கார்ந்த இடத்தில் கண்ணுக்கும் மனத்துக்கும் ஏதேனும் கிடைக்குமா என்பவையே கேள்விகள். காசு கரைவதும் அந்த நேரத்தில்தான். வெயில் தாங்காமல் ஒரு குளிர்பானக் கடைக்குள் நுழைந்தால் நால்வர் குடும்பத்துக்கு நூறு ரூபாய்க்கு மேல் போய்விடும். இன்னொரு கேள்வியும் உண்டு: ஊரின் தலைசிறந்த செல்வம் தெருவில் இருக்கிறதா, வேலிக்குள் இருக்கிறதா? இவ்விரண்டு அளவுகோல்களையும் கொண்டே மூன்று ஊர்களையும் நிறுக்கிறேன்.

மாமல்லபுரம்

கலைச் செல்வத்தில் மாமல்லபுரத்தோடு மற்ற இரண்டும் போட்டியிடவே முடியாது. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் பல்லவர்கள் செதுக்கிய இச்சின்னங்களை யுனெஸ்கோ 1984ஆம் ஆண்டிலேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆயினும் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் தொல்லியல் துறையின் வேலிக்குள் இருக்கின்றன. உள்ளே செல்ல இந்தியக் குடிமக்களுக்கு 40 ரூபாய்ச் சீட்டு உண்டு. முன்பு யார் வேண்டுமானாலும் போய்ச் சாய்ந்து நின்ற வெண்ணெய் உருண்டைப் பாறைப் பகுதிக்கும் 2019 முதல் சீட்டு வாங்க வேண்டியதாகிவிட்டது. ஒரே சீட்டில் அன்று எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்பதும், பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்பதும் உண்மை. கொடுக்கிற பணத்துக்கு நூறு மடங்கு பெறுமானம் கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் ‘செலவே இல்லாமல்’ என்ற விதியை அப்படியே கடைப்பிடித்தால் ஊரின் பாதி நமக்கு மூடிக்கிடக்கும்.

மூடாத பாதியில் ஒன்று மட்டுமே ஒரு முற்பகலை நிரப்பப் போதுமானது. அர்ச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெரும்பாறைச் சிற்பம், சுமார் 30 மீட்டர் அகலத்தில், சாலையோரத்திலேயே நிற்கிறது. பெரும்பாலோர் ஐந்து நிமிடம் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அரை மணி நேரம் அசையாமல் நின்று பார்ப்பவருக்குத்தான் அது தன்னைத் திறந்து காட்டும். இரு பாறைகளுக்கு நடுவே மேலிருந்து இறங்கும் பிளவில் நாகர்கள் கைகூப்பி மேலெழுகிறார்கள். பாறையின் உச்சியில் தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பி, இந்தப் பிளவின் வழியே அருவியாகவே இறங்கச் செய்தார்கள் என்று கருதப்படுகிறது. மேலே ஒருவர் ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்ய, கீழே யானைகளின் முன்னால் ஒரு பூனையும் அதே கோலத்தில் நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள். இடப்புறத்தில் சிறு கோயிலருகே படுத்திருக்கும் மான் ஒன்று பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. கல்லில் அந்த அற்பக் கணத்தைப் பிடித்து வைத்தவனை எண்ணினால் உடல் சிலிர்க்கிறது. சற்றுத் தள்ளியிருக்கும் கிருஷ்ண மண்டபத்தில் ஓர் இடையன் பால் கறக்க, பசு திரும்பித் தன் கன்றை நக்குகிறது. அச்சிற்பம் பல்லவர் காலத்தில் வெட்டவெளியில் இருந்தது. முன்னால் தூண்கள் நிறுத்தி மண்டபமாக்கியது விசயநகரக் காலத்தில். பாறையைக் காக்கக் கட்டிய அந்த மண்டபமே இன்று நமக்கு நிழலும் தருகிறது.

இவை தவிர, தலசயனப் பெருமாள் கோயிலில் தரையில் பள்ளிகொண்ட பெருமாளைத் தரிசிக்கலாம். பூதத்தாழ்வார் அவதரித்த ஊர் என்பதால் வைணவர்களுக்கு இது கூடுதல் சிறப்புடையது. ஐந்து ரதங்களுக்குப் போகும் சாலையின் இருமருங்கிலும் சிற்பப் பட்டறைகள் இருக்கின்றன. வாசலில் நின்று, கருங்கல்லில் உளி நடப்பதைப் பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. பொருள் வாங்காவிட்டாலும் முகம் சுளிக்காமல் பேசும் சிற்பிகள் இங்கே நிறையப் பேர்.

சிக்கல் நண்பகலில் வருகிறது. கோயில் நடை சாத்திவிடுவார்கள். கிருஷ்ண மண்டபத்தில் சுற்றுலாக் கூட்டம் வந்துபோய்க்கொண்டே இருப்பதால் நெடுநேரம் அமர இயலாது. கடற்கரை மணல் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும். ஊர் சிறியது, தெருக்களில் பெரும்பகுதி உணவகங்களும் கைவினைப் பொருள் கடைகளும் விடுதிகளும் ஆகிவிட்டன. ஆகவே செலவில்லாத மாமல்லபுரம் என்பது ஆறிலிருந்து பதினொரு மணிக்குள் முடிந்துவிடும் காலைப்பொழுது. முழுநாளை அதனால் தாங்க முடியாது.

தரங்கம்பாடி

தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ் கடற்படைத் தலைவர் ஓவ் கெத்தே 1620இல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டையே இவ்வூரின் முகம். உள்ளிருக்கும் அருங்காட்சியகத்துக்குச் சிறு கட்டணம் உண்டு. ஆனால் கோட்டையை அதன் முழு அழகோடு பார்க்க உள்ளே போக வேண்டியதில்லை. கடற்கரை மணலில் நின்றால், வங்கக் கடலை நோக்கியபடி நிற்கும் அந்த மஞ்சள் மதில் முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும்.

பேருந்திலிருந்து இறங்கி 1792இல் கட்டப்பட்ட நகர வாயிலைக் கடந்ததும் ஓர் அமைதியான நேர்த்தெரு கடலை நோக்கிச் செல்கிறது. அதில் 1701ஆம் ஆண்டின் சீயோன் தேவாலயமும் 1718இல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் தேவாலயமும் அடுத்தடுத்து வருகின்றன. 1706இல் இங்கு வந்திறங்கிய ஜெர்மானியச் சமயப் பரப்பாளர் சீகன்பால்க் தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1719இல் மறைந்த அவருடைய கல்லறை இரண்டாவதாகச் சொன்ன தேவாலயத்தினுள்ளேயே இருக்கிறது. அச்சுக்குத் தேவையான காகிதத்தை உள்ளூரிலேயே செய்ய முனைந்த இடம் அருகிலுள்ள பொறையாரில் கடுதாசிப் பட்டறை என்ற பெயரால் இன்றும் வழங்குகிறது. தமிழ் அச்சின் வரலாற்றில் நாட்டமுள்ளவர்களுக்கு இந்த ஒரு தெருவே போதும்.

கடலின் விளிம்பில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் டேனிஷ்காரர்களுக்கு முந்நூறு ஆண்டுகள் மூத்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அக்கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைக் குலசேகரன்பட்டினமான சடங்கன்பாடி என்கிறது. பல நூற்றாண்டுகளாகக் கடல் முன்னேறுவதையும், 2004 டிசம்பர் 26 அன்று ஒரே காலையில் அது ஊருக்குள் வந்ததையும் தெரிந்துகொண்டு அங்கே நிற்பவர் கடலில் இறங்கிக் குளிக்க நினைக்கமாட்டார். நினைக்கவும் கூடாது, நீரோட்டம் கடுமையானது.

தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் மிகுதி, மூச்சுக்கு நல்லது என்றொரு விளம்பரம் நெடுங்காலமாகச் சுற்றிவருகிறது. ஓசோன் மூச்சுக் குழாய்க்குக் கெடுதல் செய்யும் வாயு. அதற்காக இவ்வூருக்கு வர வேண்டாம். கூட்டமில்லாத தெருவுக்காகவும் கடலோசைக்காகவும் வரலாம்.

எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் பார்த்தாலும் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் நிழல் என்று சொல்லத்தக்கது தெருமரங்களும் தேவாலயத் திண்ணையும்தான். துணைக்கு ஒரு புத்தகமும் பொறுமையும் உள்ள தனி ஆளுக்கு இது குறையாகத் தோன்றாது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையோடு பதினொரு மணிக்கு அந்தக் கடற்கரையில் நிற்பவர், அடுத்து என்ன என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்லத் திணறுவார். மயிலாடுதுறை, காரைக்கால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அரைநாள் பயணமாக இதைவிடச் சிறந்த இடம் இல்லை. தொலைவிலிருந்து முழுநாளுக்காக வருவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

புதுச்சேரி

முழுநாளைத் தாங்கும் ஊர் புதுச்சேரி. இதுவே என் தேர்வு. இங்கே தனியாக எழுந்து நிற்கும் மாபெரும் சின்னம் எதுவும் இல்லை, ஊரே சின்னம். 1761இல் ஆங்கிலேயர் இந்நகரைப் பிடித்துக் கட்டடங்களை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்ப எழுப்பியதையும் அதன்பின் வளர்ந்ததையும்தான் நாம் இன்று பார்க்கிறோம். ஆனால் தெருக்களின் நேர்க்கோடுகள் அவற்றுக்கு மூத்தவை. 1693 முதல் 1699 வரை ஊரைக் கைப்பற்றி வைத்திருந்த டச்சுக்காரர்கள் வகுத்த கட்டம்கட்டமான திட்டத்தை அடியொற்றியவை. ஆகவே ஊரைப் பார்ப்பது என்பது தெருவில் நடப்பதேயாகும். தெருவுக்கு யாரும் சீட்டு கிழிப்பதில்லை. என் இரண்டாவது அளவுகோலில் புதுச்சேரி முந்துவது இதனால்தான்.

காலையில் கடற்கரைச் சாலையிலிருந்து தொடங்க வேண்டும். மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை அங்கே வண்டிகளை விடுவதில்லை என்பதால், விடியலில் போய்ச் சேர்ந்தால் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளச் சாலை முழுவதும் நடப்பவர்களுக்கே உரியது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பார்கள். அவற்றின் வேலைப்பாடுகளை இளவெயிலில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். 1836இல் முதன்முதலாக ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கமும், முதல் உலகப்போரில் பிரான்சுக்காக உயிர்விட்டவர்களுக்கான நினைவுச்சின்னமும் அடுத்தடுத்து வரும். கரையோரக் கருங்கற் குவியல் ஏன் வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்: 1980களில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டியபோது, வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கேயே தடைபட்டு, நகரின் முன்னிருந்த மணற்கரை அரித்துப்போனது, மிச்சத்தைக் காக்கக் கல்லைக் கொட்டினார்கள். 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பிறகு, ஒரு பகுதியில் மணல் திரும்ப ஒதுங்கத் தொடங்கியது.

எட்டு மணிக்கு அரவிந்தர் ஆசிரமம் திறக்கும். அரவிந்தர் 1910இல் இந்நகருக்கு வந்து இறுதிவரை இங்கேயே வாழ்ந்தார். முற்றத்து மரத்தடியில் மலர்களால் மூடப்பட்ட சமாதியைச் சுற்றி எத்தனை பேர் அமர்ந்திருந்தாலும் பேச்சுச் சத்தம் கேட்காது. கட்டணம் இல்லை, படம் எடுக்கக் கூடாது, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அனுமதிப்பதில்லை என்பதால் கைக்குழந்தையோடு வருபவர்கள் மாறி மாறித்தான் போக வேண்டும். அங்கிருந்து சில நிமிட நடையில் மணக்குள விநாயகர் கோயில். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே இருந்த கோயில், பாரதியார் பாடிய பிள்ளையார். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இதைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

அதன்பின், ஊரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த வெள்ளை நகரமா, மேற்கே தமிழர் பகுதியா என்பதில் பெரும்பாலோர் பிழையாகத் தேர்கிறார்கள். கால்வாய்க்குக் கிழக்கே துய்மா வீதியிலும் சுஃப்ரேன் வீதியிலும் மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நாளை முடித்துவிடுகிறார்கள். அவை அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வீடுகள் உயர்ந்த மதிலுக்குப் பின்னால் ஒதுங்கியவை; தெருவில் போகிறவனுக்குக் கிடைப்பது சுவரும் பூட்டிய கதவும்தான். இப்போது அவற்றுள் பல விடுதியாகவோ உணவகமாகவோ இருப்பதால், உட்கார வேண்டுமானால் விலைப்பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். கால்வாய்க்கு மேற்கே, வைசியாள் வீதி போன்ற தெருக்களில் வீடு கட்டிய முறையே வேறு. வாசலில் திண்ணை, திண்ணைக்கு முன்னால், தெருவில் நடப்பவனுக்கும் வெயில் படாமலிருக்கத் தூண்கள் நிறுத்தி ஓடு வேய்ந்த தாழ்வாரம். அருகே நின்று பார்த்தால் கீழ்த்தளம் தமிழ் வீடாகவும், மேல்தளம் பலகணிக் கதவுகளும் சுவரில் ஒட்டிய அரைத்தூண்களுமாகப் பிரெஞ்சு வீடாகவும் இருக்கும். இரண்டு பழக்கங்கள் ஒரே சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்பதை இங்கேதான் காணலாம். இத்தெருவைப் பழுதுபார்த்து மீட்டதற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. வழிப்போக்கனுக்கு நிழல் கொடுப்பதை வீட்டுச் சொந்தக்காரனின் கடமையாக நினைத்த காலத்தின் தெரு அது. பதினொரு மணி வெயிலில் அதில் நடப்பவருக்கு இக்கருத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பகுதியில் தமிழர்களுக்கு நெருக்கமான வரலாறு நிறைய இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு நமக்குக் கிடைத்த அரிய சான்று. அவருடைய மாளிகை அவர் பெயரைத் தாங்கிய வீதியில், கடைத்தெரு நெரிசலுக்கு நடுவே இருக்கிறது. மிஷன் வீதியில், மக்கள் சம்பா கோவில் என்றழைக்கும் மாதா பேராலயத்தின் முன் நிற்பவர், அதன் அருகிலிருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748இல் இடிக்கப்பட்டதையும், அதைப் பிள்ளை மனம் நொந்து குறித்து வைத்ததையும் நினைத்துக்கொள்ள வேண்டும்; அழகிய கட்டடங்களை மட்டும் பார்த்துவிட்டு இழந்ததை மறந்துவிடுவது முறையாகாது. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1908 முதல் 1918 வரை பிரிட்டிஷ் அரசின் கைக்கு எட்டாமல் அவர் இந்நகரில் இருந்த பத்தாண்டுகளில்தான் அவருடைய தலைசிறந்த ஆக்கங்கள் பல பிறந்தன. பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசனின் வீடும் அப்படியே காக்கப்படுகிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. அரசு விடுமுறை நாள்களைத் தவிர்த்து, மதிய இடைவேளைக்கு முன் போய்விட வேண்டும்.

இனி அந்தச் சோதனை நேரம். நண்பகலில் ஆசிரமமும் கோயில்களும் மூடியிருக்கும். ஆனால் பாரதி பூங்கா திறந்திருக்கும். துணைநிலை ஆளுநர் மாளிகைக்கு எதிரே, பெருமரங்களின் நிழலில், இருக்கைகளோடு நகரின் நடுவிலேயே இருக்கும் இப்பூங்காதான் செலவில்லாத புதுச்சேரியின் அச்சாணி என்பேன். கட்டுச்சோற்றை அங்கே பிரிக்கலாம்; இலைகளையும் தாள்களையும் திரும்பப் பைக்குள் கட்டி எடுத்துவந்துவிட வேண்டும். நடுவில் நிற்கும் வெள்ளை ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாக எழுந்தது. முத்திரைப்பாளையத்தில் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் பெயரைத் தாங்கியது. புதுச்சேரி அரசின் சின்னத்திலேயே அந்த மண்டபம் இடம்பெற்றிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அறிந்தால், கிரேக்கக் கோயில்போலத் தோன்றும் அக்கட்டடத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். பக்கத்திலேயே 1827இல் தொடங்கப்பட்ட பொது நூலகம், இப்போது பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலான் பெயரில் இருக்கிறது. பெரியவர்கள் நாளிதழ் படித்தபடி ஒரு மணி நேரம் விசிறியடியில் அமரலாம். வெயில் சற்றுத் தணிந்ததும் தெற்கு புல்வார் எனும் பெருஞ்சாலையில், இரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் திரு இருதய பசிலிக்காவுக்கு நடக்கலாம். 1907இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கோயிலில் மாலை வெயில் வண்ணக் கண்ணாடிகளின் வழியே தரையில் விழும் நேரம் அது. வழிபடுவோருக்கு இடையூறின்றிப் பின் வரிசையில் அமர்ந்தால் போதும்.

ஆரோவில்லையும் இந்த நாளில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பார்வையாளர் மையத்தில் கண்காட்சிக்கும், மாத்ரி மந்திர் என்னும் தியான மண்டபத்தை வெளியிலிருந்து பார்க்கத் தரும் அனுமதிச் சீட்டுக்கும் கட்டணம் இல்லை என்பது சரி. ஆனால் நகரிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல். பேருந்தை விட்டு இறங்கியும் நெடுந்தூரம் நடக்க வேண்டும், அல்லது ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். அரைநாளை விழுங்கிவிடும். தெற்கே அரிக்கமேட்டின் நிலையும் ஏறக்குறைய அதுதான்: உரோமானிய வணிகத்தை உலகுக்கு உறுதிப்படுத்திய, 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த மண், போய்ப் பார்த்தால் மாந்தோப்பும் இடிந்த செங்கற் சுவரும் ஆறும்தான். எனக்கு அவ்விடம் மிகவும் பிடிக்கும்; முதல் தடவை வருபவரை அங்கே அனுப்பமாட்டேன்.

பயணச் செலவும் நாள் பார்ப்பதும்

இப்போது தள்ளிவைத்த கணக்குக்கு வருவோம். சென்னையில் இருப்பவருக்கு மாமல்லபுரம் சுமார் 60 கிலோமீட்டர். புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர். இரு பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகள் இருவரும் உள்ள குடும்பம் மாமல்லபுரத்தில் நுழைவுச்சீட்டுக்கு 80 ரூபாய் கொடுத்தாலும், போக வர ஆளுக்கு 180 கிலோமீட்டர் பேருந்துக் கட்டணம் மிச்சமாகும். மொத்தச் செலவே குறிக்கோள் என்றால் சென்னைக்காரர்கள் சீட்டு வாங்கி மாமல்லபுரத்தைப் பார்ப்பதுதான் சரியான முடிவு. அதிகாலையில் சென்று, அர்ச்சுனன் தவத்தையும் வேலிக்குள் இருப்பவற்றையும் முடித்து, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். விழுப்புரம், கடலூர், திண்டிவனம் பக்கத்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. விழுப்புரத்திலிருந்து பயணிகள் இரயிலில் வந்தால் பேருந்தைவிடக் குறைந்த செலவில் பசிலிக்காவின் அருகிலேயே இறங்கலாம். பேருந்தில் வருபவர்கள்தான் நிலையத்திலிருந்து கடற்கரைக்கு முக்கால் மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும்.

நாள் பார்த்துப் புறப்படுபவர்களுக்கு என் தேர்வு தலைகீழாக மாறும் தருணங்களும் உண்டு. ஏப்ரல் 18 உலக மரபு நாளிலும், நவம்பர் 19 உலக மரபு வாரத் தொடக்க நாளிலும் தொல்லியல் துறை தன் சின்னங்களுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. அந்த இரு நாள்களில் மாமல்லபுரத்தை விட்டுவிட்டு வேறெங்கும் போவதில் பொருளில்லை. நவம்பர் மழைக்காலம் என்றாலும் ஏப்ரல் வெயிலைவிட அதுவே மேல். நான் அதையே தேர்வேன். மாசி மகம் வந்தால் இரண்டு ஊர்களுமே வேறு முகம் கொள்கின்றன. மாமல்லபுரக் கடற்கரையில் பல மாவட்டங்களிலிருந்தும் இருளர் மக்கள் வந்து தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, அங்கேயே திருமணங்களையும் நடத்துகிறார்கள். அது அவர்களுடைய வழிபாடு என்பதை மறக்காமல் ஒதுங்கி நின்று பார்க்கும் பண்பு நமக்கு வேண்டும். புதுச்சேரியில் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் சுற்றுவட்டாரத்துத் தெய்வங்கள் பலவும் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார்கள். சூலை 14 பிரெஞ்சுத் தேசிய நாளில் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச்சின்னத்தில் அஞ்சலி செலுத்துவார்கள். ஆகஸ்டு 15 அரவிந்தரின் பிறந்தநாளும் ஆதலால் ஆசிரமத்தில் நீண்ட வரிசை நிற்கும்.

வேறு எந்த நாளானாலும் புதுச்சேரிக்குச் சனி, ஞாயிறுகளில் போகாமலிருப்பதே நல்லது. வார இறுதியில் பெருநகரங்களிலிருந்து வரும் கூட்டத்தில் பூங்கா இருக்கைகள் கிடைப்பதில்லை. துய்மா வீதியில் படமெடுப்பவர்களைத் தாண்டி நடப்பதே பெரும்பாடாகிவிடும். அரசு நினைவில்லங்களும் நூலகமும் கடைகளும் இயங்கும் செவ்வாய் முதல் வியாழன் வரையான நாளொன்றில், மார்கழிக்கும் பங்குனிக்கும் இடையே, சூரியன் எழுமுன் கடற்கரைச் சாலையில் இருக்கும்படி புறப்படுங்கள். மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திய பின்னர் அச்சாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தாலும், விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் பேருந்து இருக்கும்.